பாகம் பிரிக்காத குழாய்

29.10.1958, புதன்

உடம்பெல்லாம் வலிக்கிறது. நாற்றம் இன்னும் போகவில்லை.

நான்கு நாளாக, குளிக்கவும் பாத்திரம் கழுவவும் இருக்கும் அங்கணத்தில் ஊற்றும் தண்ணீர் இறங்கவில்லை. கொத்தனார் காலையில் மூங்கில் பிளாச்சை விட்டுப் பார்த்தார். "மண்குழாய் நொறுங்கிக் கெடக்கு. ஒங்க தம்பி வீட்டு அடுப்படிக்குக் கீழ. அவுக தரைய ஒடைக்கணும்" என்றார்.

பாகம் பிரித்தபோது வாசல் பக்கம் எனக்கு, கொல்லைப் பக்கம் தம்பிக்கு. நடுவில் சுவரும் வைத்தோம். இந்தக் குழாயை யாரும் நினைக்கவில்லை. அன்றிலிருந்து எனக்கும் அவனுக்கும் பேச்சில்லை.

கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு பின்சந்து வழியாகப் போய் அவன் கதவருகில் நின்றேன். தம்பி என்னைப் பார்க்கவே இல்லை.

"போன மாசம் போட்ட தரை. ஒடைச்சா யாரு போட்டுத் தருவான்னு கேளுங்க கொத்தனாரே."

"செலவு பூராவும் நான் குடுக்குறேன்னு சொல்லுங்க" என்றேன்.

"அம்புட்டையும் அவரு ஏன் குடுக்கணும்? எங்க தண்ணியும் அதுலதான போகுது. பாதி போதும்னு சொல்லுங்க."

கொத்தனாருக்குச் சலித்துவிட்டது. "ரெண்டு பேருக்கும் காது கேக்கத்தான செய்யுது?" என்று கடப்பாரையை எடுத்தார்.

நானும் குழியில் இறங்கிச் சாக்கடை மண்ணை அள்ளினேன். பொழுது சாய்ந்தும் வேலை முடியவில்லை. பாதிச் செலவுக்கே ஆபீசில் அட்வான்ஸ் கேட்க வேண்டும். நாளை கொத்தனார் வரமாட்டார், நத்தத்தில் கல்யாணமாம். குழி திறந்து கிடக்கிறது. இங்கே ஒரு செம்பு ஊற்றினாலும் தம்பியின் அடுப்படியில்தான் போய் நிற்கும். காலையில் குளிக்க அவன் கொல்லைக்குத்தான் போக வேண்டும். கேட்டால் மறுக்கமாட்டான்.

கொத்தனார் இல்லாமல் எப்படிக் கேட்பது?