கூட வந்தவர் பெயர்

கள்ளிக்குப்பம்,
ஞாயிற்றுக்கிழமை.

கமலத்துக்கு ஏகாம்பரம் எழுதுவது. இங்கே நாள் ஓடுகிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? நீ பார்த்துக்கொள்ளும் குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா? நம் தெரு தங்கராஜ் வியாழக்கிழமை குவைத்துக்கு வருகிறான். இதை அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசினால் இரண்டு வார்த்தைக்குள் இருமல் வந்துவிடுகிறது.

நாலு மாதமாகவே கம்பெனியில் பெயிண்ட் அடிக்கும் இடத்தில் நின்றால் நெஞ்சு இறுகுகிறது. உன்னிடம் மறைத்துவிட்டேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. மூச்சுக்குழாய் எவ்வளவு சீக்கிரம் சுருங்குகிறது என்று பார்க்க ஒரு டெஸ்ட் எழுதிக் கொடுத்தார் டாக்டர். நேற்று போனேன்.

டாக்டர் கொடுத்திருந்த இன்ஹேலரை முன்கூட்டியே நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். காலையில் டீ கூடக் கூடாது. கூட ஒருவர் வர வேண்டும் என்றும் சீட்டில் போட்டிருந்தது. நர்ஸ் கிருஷ்ணப்பிரியா கூட வந்தவர் பெயரைக் கேட்டாள். திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து, "எங்க ஊட்டம்மா வந்துகீது. பேரு கமலம். டீ குடிக்கப் போய்கீது" என்று சொல்லிவிட்டேன்.

மூக்கில் கிளிப் மாட்டினார்கள். குழாயை வாயில் வைத்து, மூச்சை முழுதாக இழுத்து வேகமாக ஊத வேண்டும். பிறகு புகைபோல வரும் மருந்தை இழுத்துவிட்டு மறுபடி ஊத வேண்டும். ஒவ்வொரு தடவையும் மருந்தைக் கொஞ்சம் கூட்டுகிறார்கள். வலி கிடையாது. மூன்று தடவை ஒன்றும் ஆகவில்லை. நான்காவதில் நெஞ்சைச் சுற்றித் துணியை முறுக்கிக் கட்டியதுபோல் ஆகிவிட்டது. உடனே நிறுத்திவிட்டு, மூச்சு விரிய மாஸ்க் வைத்து வேறு மருந்து கொடுத்தார்கள்.

அப்போதுதான் அந்த நர்ஸ் கதவைத் திறந்து, "கமலம் யாரும்மா? உள்ள வாங்க" என்று வராண்டாவைப் பார்த்துக் கூப்பிட்டாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மூச்சு இல்லை. மூன்று தடவை கூப்பிட்டாள். கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இரண்டு வருடமாக உன்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்கவில்லை.

பேச்சு வந்ததும் உண்மையைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. "இன்னாண்ணே, மொதல்லயே சொல்லக்கூடாதா?" என்றாள். என் மூச்சு பழைய அளவுக்கு வரும்வரை பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அரைமணியில் சரியாகிவிட்டது. பயப்படாதே.

ஆஸ்துமாதானாம். மருந்தை ஒழுங்காக இழுத்தால் கட்டுக்குள் இருக்குமாம். இனிப் பெயிண்ட் பக்கம் போகக் கூடாது. சூப்பர்வைசர் தினகரன் பேக்கிங்கில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

நீ வேலை செய்யும் வீட்டில் லீவு கேட்டால் கொடுப்பார்களா? நான் வரச் சொல்லவில்லை. கேட்டால் என்ன சொல்வார்கள் என்று தெரிந்துகொள்ளலாமே என்றுதான்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

ஏகாம்பரம்