பெட்டிக்குள் பூட்டிய நட்சத்திரங்கள்

பாப்பாவின் அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முதுகுவலியும் பாப்பாவின் சளியும் எப்படி இருக்கின்றன? கோபத்தோடுதான் கேட்கிறேன்.

இங்கே இருட்டில் ஒளிரும் பொடியை ரெசின் பசையில் கலந்து நட்சத்திரம் வார்க்கிறோம். ஈரம் பட்டால் பொடி வீண் என்று கரண்டியைக்கூடத் துடைத்துவிட்டுத்தான் தொடுவேன். அப்படிச் செய்தவற்றை, வெளியே வைத்தால் வெளிச்சம் தீர்ந்துவிடும் என்று முதலாளி பெட்டியில் பூட்டி வைத்துவிட்டார். நேற்று வாங்க வந்தவர் முன்னால் விளக்கை அணைத்தால், ஒன்றுகூட ஒளிரவில்லை. "பொடிய ஒழுங்கா கலக்கலையா?" என்று முதலாளி என்மேல் எரிந்து விழுந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வெளிச்சத்துல வச்சாத்தானே சார் இருட்டுல மின்னும்! பூட்டி வச்சா எப்படி?" என்று கத்திவிட்டு, எல்லாவற்றையும் வெயிலில் காட்டி எடுத்து வந்தேன். இருட்டறையில் பச்சைப் பசேலென்று மின்னின. பயப்படாதீர்கள், வேலை போகவில்லை.

நீங்களும் முதலாளி மாதிரிதான். 'நீ களைச்சுப் போயிருப்ப, தொந்தரவு பண்ணல' என்று மெசேஜ் போட்டதோடு சரி, போனையே காணோம். என்னையும் அப்படிப் பூட்டி வைத்து மிச்சம் பிடிக்கச் சொன்னது யார் உங்களை?

தலைவலித் தைலமும், பாப்பா போட்ட சட்டை ஒன்றும் அனுப்புங்கள். சட்டையைத் துவைக்க வேண்டாம்.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன். மத்தியானம் ஒரு நிமிடம் கூப்பிடுங்கள். ராத்திரி முழுக்கத் தாங்கும்.

பாப்பாவின் அம்மா