கறுப்பு நூலில் ஒரு பொட்டலம்

அக்கா,

உங்கள் தையல் டப்பாவை நேற்று உங்கள் மகள் கொண்டுவந்து தந்தாள். மூடியைத் திறந்ததும் மண் வாசம். பொத்தான்களுக்கு அடியில் விரல் நுனியளவு துணிப்பொட்டலம். கண்டதும் மூடியைச் சட்டென்று மூடினேன். நீங்கள் கண்மூடி முப்பத்தோராம் நாள்கூட வரவில்லை. அதற்குள் இதை என் கையில் வைக்க வேண்டுமா?

லிபெர்த்தா வீதியில் அந்த இத்தாலிய நகைக்கடைச் சிஞ்ஞோரின், அதுதான் எங்கள் முதலாளிக் கிழவரின், வீட்டில் உங்களுக்கு முழுநேர வேலை. சனிக்கிழமைகளில் உடுப்புக்கு ஸ்திரிக்கை போட என்னைச் சேர்த்துவிட்டதும் நீங்கள்தான். மாஃபியாக்காரரை அடக்கவென்று அங்கேயும் சந்திக்குச் சந்தி ஆமி நின்ற காலம். இருந்தும் அவருடைய கடையில் கொள்ளை போனது. அதன் பிறகு கிழவருக்குத் தன் நிழலைக் கண்டாலும் பயம். துப்பாக்கி வைத்திருக்க அனுமதி எடுத்தார். துப்பாக்கிக்கடை வைத்திருந்த அவருடைய மச்சான் இரண்டைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

முதலாவது சுழல் துப்பாக்கி. சின்னதுதான், ஆனாலும் இடுப்பில் புடைத்தது. கதிரையில் இருந்தால் வயிற்றில் குத்தியது. இரண்டாவது தட்டையானது, உள்ளங்கைக்குள் அடங்கியது. அதைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார், குனிந்தார், இருந்தெழும்பினார். "வெளியே தெரிகிறதா?" என்று எங்களைக் கேட்டார். நீங்கள் என் காதுக்குள் சொன்னீர்கள்:

"இதுக்குப் பயந்துதானே ஊரை விட்டு ஓடி வந்தனாங்கள். இவர் சப்பாத்து வாங்கிற மாதிரி அளவு பாக்கிறார்!"

பிறகு அவர் எடுத்துக்கொண்ட அந்தத் தட்டைத் துப்பாக்கிக்கு நீங்களே தடித்த துணியில் பை தைத்தீர்கள், உருவம் தெரியாமல். அதன் அடியில் என்னைத் தவிர ஒருவருக்கும் காட்டாமல் மடுமாதா கோயில் மண்ணையும் பொட்டலமாக்கி வைத்துத் தைத்தீர்கள். மன்னாரில் பாம்புக்குக் காவலாக வைத்திருக்கிற மண். "கிழவனுக்கு ஒண்டும் நடக்கக்கூடாது" என்றீர்கள்.

அடுத்த சனிக்கிழமை உடுப்புகளோடு வந்த அந்தப் பையையும் தேய்த்தேன்; என் ஸ்திரிக்கைப்பெட்டியின் சூட்டில் உள்ளே இருந்த பொட்டலம் பொசுங்கிக் கிழிந்தது. மாதாவின் மண்ணைக் கொட்டிவிட்டேனே என்ற நடுக்கம் ஒரு பக்கம், வேலை போய்விடுமோ என்ற பயம் மறுபக்கம். அள்ளக்கூடியதை அள்ளி வேறு துணியில் முடிந்து, கையில் அகப்பட்ட நூலால் அவசரமாகத் தைத்தேன். மிச்ச மண் பைக்குள் கரகரத்தது. உங்களிடம் மூச்சு விடவில்லை.

இரண்டு கிழமை கழித்து, மத்தியானம், உங்கள் பெர்மெஸ்ஸோ, அந்த வதிவிட அனுமதிக் கடதாசியைத் தர மகள் வந்தாள். அவளுக்காகக் கதவைச் சும்மா சாத்தி வைத்திருந்தீர்கள். எங்கள் வழக்கப்படி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு பளிங்குத் தரையில் நடந்து வந்தாள். ஒரு சத்தமும் இல்லை. கிழவர் திரும்பியபோது முதுகுக்குப் பின்னால் யாரோ.

துப்பாக்கி அவள் நெஞ்சுக்கு நேரே. விரல் விசையை இழுத்ததை நானும் நீங்களும் பார்த்தோம். விசை அரைவழியில் இறுகி நின்றது. மறுபடி இழுத்தார். அசையவில்லை.

"அம்மா, நான் செருப்பைக் கழட்டிப்போட்டுத்தானே வந்தனான்..." என்றாள் அவள், என்னவோ தன்மேல் பிழை மாதிரி. கிழவர் தரையில் குந்தியிருந்து குழந்தைபோல் அழுதார். நீங்கள் மகளை இழுத்து உங்களோடு சேர்த்துப் பிடித்தீர்கள்.

துப்பாக்கியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, உள்ளே முழுக்க மணல் என்றாராம் மச்சான். கிழவர் அதைத் திரும்ப வாங்கவேயில்லை; பையை நீங்கள் எடுத்து வைத்துக்கொண்டீர்கள். நீங்களோ கோயிலில் எல்லோருக்கும் சொன்னீர்கள்: "மாதா என்ர பிள்ளையைக் காப்பாத்திப்போட்டா." பக்கத்தில் இருந்து நானும் தலையாட்டினேன். வந்தது கள்வனாக இருந்திருந்தால், அதே மணலால் கிழவர் செத்திருப்பார். என் வாயை அடைத்தது அதுதான். இன்றைக்கும் எந்த வீட்டு வாசலிலும் செருப்பைக் கழற்றுமுன் "நான்தான், வாறன்" என்று குரல் கொடுக்கிறேன்.

"இதை ஏன் எனக்குத் தாறாய்?" என்று நேற்று மகளிடம் கேட்டேன்.

"அம்மா சொல்லிப்போட்டுத்தான் போனவ, அன்ரி. 'நான் தைச்சது வெள்ளை நூல். இது கறுப்பு. கேட்டால் அவள் பயந்திடுவாள், அதாலை கேக்கேல்லை. அவளிட்டையே குடு' எண்டு."

எல்லாம் தெரிந்துகொண்டுதானா அக்கா, மாதாவின் பெயரைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் என் கையை அப்படி இறுக்கிப் பிடித்தீர்கள்?