முட்டியில் ஒட்டிய நுங்கு

எழுத்து கோணல்மாணலாகத்தான் வருகிறது. ஒரு வரி மேலே ஏறுகிறது, அடுத்தது கீழே இறங்குகிறது. பொறுத்துக்கொண்டு படி. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மாலையில் பெரியவர்களுக்கு நடக்கும் வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். பஸ் போர்டை இனி உன்னிடம் கேட்க வேண்டியதில்லை, நானே சத்தமாகப் படிக்கிறேன். அன்றைக்கு ‘செங்கம்’ என்று படித்துவிட்டு, சரிதானா என்று பக்கத்தில் திரும்பினேன். யாரோ ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

நீ போன பிறகு குழாயடியில் வழுக்கி விழுந்தேன். முட்டியை அறுத்துத் தைத்தார்கள். நேற்று ஆஸ்பத்திரியில், நடக்கப் பழக்கும் பெண் அதன் மேல் ஜெல் பட்டை ஒன்றை ஒட்டினாள். தொட்டதும் நுங்கேதான். அதே கண்ணாடி நிறம், அதே குளுமை. சித்திரை வெயிலில் என் முதுகு வேர்க்குருவுக்கு நுங்கைத் தேய்த்துவிட்டு, “ஆடாம உக்காரு, உனக்கு வைத்தியம் பண்றதுக்கு மாட்டுக்குப் பண்ணலாம்” என்பாயே, அந்தக் கையே வந்து பட்டது போல இருந்தது.

“முட்டி மடங்குனா இது ரப்பர் மாதிரி நீளும் தாத்தா. நீண்டா உள்ள போற கரண்ட் கம்மியாகும். அத வச்சு உங்க நடைய போன்ல கோடா காட்டிடும்.”

“ஷாக் அடிக்காதாம்மா?”

“அவ்ளோ கரண்ட் இருந்தா என் போனுக்கே சார்ஜ் போட்டுக்க மாட்டேனா?”

பௌர்ணமிக்குத் தனியாக மலை சுற்றலாமா என்று கேட்டேன். கோடு சீராக இருந்தால் அனுப்புவேன், இல்லாவிட்டால் வீட்டிலிருந்தே கும்பிட்டுக்கொள்ளுங்கள் என்றாள். வழக்கமாக நடப்பது போல ஒரு நடை போய்வரச் சொன்னாள். சாயங்காலம் அடி அண்ணாமலைக் கோயில் பக்கமாகக் கிரிவலப் பாதையில் நடந்தேன். கால் லேசாக இருந்தது. நாமிருவரும் நடந்த வழி என்பதால் கொஞ்சம் வேகமாகவே போனேன்.

இன்று போனைப் பார்த்தவள் முகம் சுருங்கியது. கோடு என் கையெழுத்துப் போலவே இருந்தது. நன்றாகப் போகிறது, திடீரென்று நிற்கிறது, மறுபடி கிளம்புகிறது.

“நடுநடுவுல நின்னு, லேசா திரும்புறீங்க. வலிக்குதுல்ல? மறைக்காதீங்க.”

வலிக்கவே இல்லை. நின்றதும் நினைவில்லை. எந்த இடம் என்று யோசித்தேன். குளத்துத் திருப்பம். அடுத்தது டீக்கடை. அங்கெல்லாம் நீ பின்தங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு சொல்வாய்: “இன்னாத்துக்கு இந்த ஓட்டம்? மலை எங்கயும் போயிடாது.” நான் நின்று திரும்பிப் பார்ப்பேன்.

எனக்குத் தெரியாமலே இந்தக் கால் இன்னும் அதைச் செய்துகொண்டிருக்கிறது.

மலை சுற்றும் ஆசையில் பொய் சொல்கிறேன் என்று அவள் நினைத்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். “வலி இல்லம்மா. வீட்டுக்காரி பின்னால வருவா. அவளுக்காக நிப்பேன். அந்தப் பழக்கம்.”

அவள் போனை ஓரமாக வைத்தாள். பட்டையை மெதுவாக உரித்தாள்.

“அப்ப முட்டிக்கு ஒண்ணும் இல்ல. போய்ட்டு வாங்க தாத்தா. நிக்கற எடத்துல நின்னே போங்க.”

அடுத்த வாரம் பௌர்ணமி. பட்டை இருக்காது, கோடும் விழாது. சுற்றிவிட்டு வந்து, எங்கெங்கே உனக்காக நின்றேன் என்று நானே எழுதுகிறேன்.