கையுறையைக் கழற்றிய செவ்வாய்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். கொஞ்சம் அசதி, அவ்வளவுதான்.

நீச்சல்குளத் தண்ணீரைச் சூடாக்கும் பழைய ஹீட்டர்களைப் பிரித்து, இரும்பையும் செம்பையும் தனித்தனியாகக் காயலான் கடைக்குப் போடுகிறோம். உள்ளே செம்புக் குழாயைச் சுற்றி மெல்லிய தகடுகள், புத்தகப் பக்கங்கள் போல நெருக்கமாக நிற்கும். போன செவ்வாய் கையுறையைக் கழற்றிவிட்டு அவற்றை விரலால் புரட்டிப் பார்த்தேன். லேசாகக் கீறிவிட்டது.

மேஸ்திரி ஓடிவந்தார். "படிச்ச கை சும்மாவே இருக்காதா? ஒவ்வொண்ணும் பிளேடுய்யா!" என்று திட்டிக்கொண்டே தன் துண்டால் கட்டிவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

முடிந்தால் பித்தான் இல்லாத சட்டை இரண்டு அனுப்பு, தலைவழியே மாட்டுகிற மாதிரி. எலாஸ்டிக் வைத்த கால்சட்டை ஒன்றும். இதைப் படித்துவிட்டு அப்பா என்னை என்ன சொல்லித் திட்டினார் என்பதையும் விடாமல் எழுது.

கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பதறாதே. நான் சொல்லச் சொல்லப் எங்கள் அறையில் பக்கத்துக் கட்டில் வெல்டர் எழுதுகிறார். விரல் மடங்கும் என்றுதான் டாக்டர் சொல்கிறார்.

வெல்டருக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. "அம்மாவுக்கு வேற என்ன எழுதணும்? சீக்கிரம் சொல்லு தம்பி" என்கிறார். நீங்கள் கேட்டதையே எழுதிவிடுங்கள் என்றேன்.

உன் மகன்