அமெரிக்காவுக்கு எழுதிய நல்ல வார்த்தை

"பெத்த பிள்ளையை நானே புகழுறதோ, ரீச்சர்?"

அண்ணை, இன்று காலை பேக்கரியில் எண் சீட்டைக் கிழித்துக்கொண்டு என் முறைக்காக நின்றபோது, சூட்டுப் பாணின் மணத்தோடு உங்களுடைய இந்தக் கேள்வியும் வந்தது. சனிக்கிழமைக் காலையில் இந்த வைலே நகரில் பாதிப் பேர் அங்கேதான் நிற்பார்கள், உங்களுக்குத் தெரியாததா? முன்னால் நின்ற டெனிஷ் பெண்மணி திரும்பிப் பார்த்தார். நான் தனியே சிரித்திருக்க வேண்டும்.

நீங்கள் அதைக் கேட்டது உங்கள் வீட்டுச் சமையலறையில், மகள் அனிற்றா அமெரிக்காவுக்கு விண்ணப்பித்த குளிர்காலத்தில். ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் புள்ளிவிவரவியல் படித்து முடித்திருந்தாள். முதுகலையை அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. நீங்கள் கலங்கவே இல்லை.

"அரசாங்கத்தின்ரை எண்டால் பிறகென்ன? இஞ்சை மாதிரித்தானே" என்றீர்கள்.

டென்மார்க்கில் பிள்ளை வளர்த்த எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும். இங்கே எங்கள் பிள்ளைகளிடம் பல்கலைக்கழகம் கட்டணம் கேட்பதில்லை. அரசு கைச்செலவுக்கும் கொடுக்கிறது. அங்கே பொதுப் பல்கலைக்கழகம் என்றால் அந்த மாநிலத்தவருக்குத்தான் பொது, வெளியாள் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்று உங்களுக்கு விளக்க, பழக்கதோஷத்தில் நான் ஓர் உதாரணம் தேடினேன்.

"வீட்டு ஆக்களுக்கு ஒரு விலை, விருந்தாளிக்கு வேறை விலை எண்டு வையுங்கோ அண்ணை."

"விருந்தாளிக்கோ கூட? எங்கடை வீட்டிலை அது எதிர்மாறெல்லோ!"

அனிற்றா சிரிக்கவில்லை. அவளுக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. துறையில் உதவி ஆசிரியர் வேலை கிடைத்து இளநிலை மாணவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தால், கட்டணத்தைத் தள்ளுபடி செய்து சம்பளமும் தருவார்கள். அது கிடைத்தால் போவாள், இல்லையென்றால் பயணம் இல்லை. அதற்குத் தன்னைப் பற்றி அவள் ஒரு கட்டுரை எழுத வேண்டும்; அவளை அறிந்தவர்கள் பரிந்துரை எழுத வேண்டும். நூலகத்தில் நான் நடத்திய வீட்டுப்பாட உதவிக்கு வந்து சிறுவருக்குப் பின்னக் கணக்கு விளங்கப்படுத்தியவள் என்பதால், ஒரு கடிதம் என் பங்குக்கு வந்தது.

எழுதியதை உங்கள் மேசையில் வைத்து வாசித்தேன். 'நேரத்துக்கு வருவார். பொறுமையானவர். மற்றவர்களோடு நன்றாக ஒத்துழைப்பார்.' டெனிஷ் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தே ஓய்வுபெற்ற எனக்கு இதைவிடப் பெரிய பாராட்டு தெரியாது.

அனிற்றா முகத்தைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ ரீச்சர், இஞ்சை இது பெரிய புகழ். அங்கை வாசிச்சா, இவளிலை ஏதோ குறை இருக்கு, ரீச்சர் மறைக்கிறா எண்டெல்லோ நினைப்பினம்!"

அவளுடைய கட்டுரை அதைவிட மோசம். குழுவாகச் செய்தோம், குழுவாக எழுதினோம் என்றே போனது. "அதிலை நீ என்ன செய்தனி?" என்று கேட்டால் தோளைக் குலுக்கினாள். உன்னை முன்னுக்கு நிறுத்தாதே என்று வகுப்பறை பழக்கியிருந்தது. பிள்ளையைப் புகழ்ந்தால் கண்ணூறு படும் என்று வீடு வாயை மூடிக்கொண்டது. அவள் எங்கே போய்த் தன்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை கேட்டிருப்பாள்?

ஆகவேதான் உங்கள் பக்கம் திரும்பினேன். "நீங்கள் சொல்லுங்கோ அண்ணை. இவளிலை என்ன நல்லது?"

தேத்தண்ணீர்க் கோப்பையை மேசையில் சுற்றிக்கொண்டே, பெத்த பிள்ளையை நானே புகழுறதோ என்ற அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள். அடுப்படியில் நின்ற அக்கா விடவில்லை. "கலியாணம் கட்டின நாள் தொட்டு, 'உப்பு அளவு' எண்டதுக்கு மேலை என்ரை கறியைப் புகழாத மனிசன். இவரிட்டையோ கேக்கிறியள்?"

"புகழ வேண்டாம் அண்ணை. கண்ணாலை கண்டதை மட்டும் சொல்லுங்கோ."

கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்.

"பள்ளிக்கூடம் படிக்கேக்கை பேக்கரியிலை வேலைக்கு நிண்டவள்தானே. ஒருநாள் நான் பாண் வாங்கப் போனன். என்னை அப்பிடியே விட்டிட்டு ஏப்ரனோடை வெளியிலை ஓடிட்டாள். கொட்டை ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கெண்டு கேட்ட மனிசிக்கு, கொட்டை போட்ட பாணைக் கட்டிக் குடுத்திட்டாளாம். ஸ்ரேசன் வரைக்கும் ஓடி, ரெயின் வெளிக்கிட முதல் மாத்திக் குடுத்திட்டு வந்தவள். பேசாமல் நிண்டிருந்தால் ஆருக்கும் தெரிஞ்சிராது. வந்து முதலாளியிட்டையும் தானே சொன்னவள்."

"அதுவரைக்கும் கடையை ஆர் பாத்தது?"

"நான்தான். ரெண்டு பேருக்குப் பாணும் வித்தனான்."

அக்காவும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். அனிற்றா உங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அண்டைக்கு வீட்டை வந்து, கடையை விட்டிட்டு ஓடுறதோ எண்டு என்னை ஏசினீங்கள்!"

"ஓம், ஏசினனான்தான். எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. அதை வெளியிலை காட்டலாமோ?"

தன்னால் உங்களுக்கு வெட்கம் என்றே இத்தனை காலம் நினைத்திருந்ததாகச் சொன்னாள். அதை டெனிஷில்தான் சொன்னாள். உள்ளே கிடப்பது அவளுக்கு அந்த மொழியில்தான் வெளியே வரும். நீங்கள் எழுந்துபோய், கழுவிவைத்த கோப்பையை மறுபடி கழுவினீர்கள்.

அன்றே என் கடிதத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். நூலகத்தில் நான் கண்டதை மட்டும் எழுதினேன்: ஒரு சிறுமிக்குப் பின்னம் பிடிபடாதபோது, அனிற்றா புத்தகத்தை மூடிவைத்து, தன் அப்பிளை வெட்டி மேசையில் பரப்பியதை. அவளும் தன் கட்டுரையில் அந்த ரயில் நிலைய ஓட்டத்தை எழுதினாள். வேலை கிடைத்தது, போனாள்.

டென்மார்க் வழக்கப்படி முதல் நாளே பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பக்கத்து மாணவர்களைத் திடுக்கிட வைத்தாளாம். நீங்கள் அதைத் தேவாலய வாசலில் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தீர்கள். ஆனால் இலையுதிர் காலத்துக்குள் அவள் குரல் இறங்கிவிட்டது. கொடுக்கிற எல்லாத் தாளும் 'அற்புதம்' என்ற எழுத்தோடு திரும்பி வருகிறது, இதில் எதை நம்புவது, நான் உண்மையில் எப்படி என்று யார் சொல்வது, திரும்பி வந்துவிடட்டுமா என்று கேட்டாள். தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டிருந்தீர்கள், நானும் அங்கே இருந்தேன்.

"எதைக் கண்டு சொல்லினம் எண்டு போய்க் கேள் பிள்ளை. சொல்லத் தெரிஞ்சவன் சொல்லுவான்" என்றீர்கள். அவள் போய்க் கேட்டாள். ஒரு பேராசிரியர் அவளை இருத்தி, அவள் தாளில் எது நன்று, எது பிழை என்று வரி வரியாகச் சொன்னார். அதன்பிறகு திரும்பி வருகிற பேச்சை அவள் எடுக்கவில்லை.

இப்போது படிப்பை முடித்து அங்கேயே படிப்பிக்கிறாள். போன குளிர்காலத்தில் உங்களை அடக்கம் செய்தபின், இங்கத்தைய வழக்கப்படி தேவாலய மண்டபத்தில் கோப்பி குடிக்க அமர்ந்தோம். விரும்பியவர்கள் எழுந்து பேசினார்கள். நல்ல மனிதர், அமைதியானவர் என்று நாங்கள் வழமையாகச் சொல்வதையெல்லாம் சொன்னோம். அனிற்றா எழுந்தாள். எங்களில் யாருக்கும் தெரியாத ஒன்றைச் சொன்னாள்.

படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில் ஞாயிறுதோறும், மறுநாள் பாடத்தை முதலில் உங்களுக்குத்தான் தொலைபேசியில் நடத்துவாளாம். நீங்கள் "விளங்கேல்லை, வேறை மாதிரிச் சொல்லு" என்பீர்களாம். நிகழ்தகவை விளக்க அவள் மழையையும் பஸ்ஸையும் கிரிக்கெட்டையும் தேடிப்பிடிக்க வேண்டியிருந்ததாம். "அப்பாவுக்கு முதல் தரமே விளங்கியிருக்கும். நான் பழகட்டும் எண்டுதான் விளங்காத மாதிரி இருந்தவர். கடைசி வரைக்கும் அதை ஒத்துக்கொள்ளேல்லை" என்றாள். அக்கா அப்போதுதான் அழுதார்.

அண்ணை, இன்னும் பிள்ளைகள் பரிந்துரைக் கடிதம் கேட்டு வருகிறார்கள், அமெரிக்காவுக்கு, கனடாவுக்கு. பெற்றோரையும் கூட்டிக்கொண்டு வா என்கிறேன். பிள்ளையை எதிரே இருத்திவைத்து, கண்டதைச் சொல்லச் சொல்கிறேன். பாதிப் பேர் கோப்பையைச் சுற்றுகிறார்கள். நான் காத்திருக்கிறேன்.

இதை வாசிக்கிற நீங்களும் இன்று ஒன்று செய்து பாருங்கள்: உங்கள் வீட்டில் ஒருவர் செய்து நீங்கள் கண்ட ஒரு காரியத்தை, கெட்டிக்காரர், நல்லவர் என்ற சொற்கள் இல்லாமல், அவருடைய முகத்தைப் பார்த்து அவரிடமே சொல்லுங்கள்.