குட்டை மீனுக்குத் தாது உப்பு

ஐப்பசி 5, திங்கள்

மூடாக்கு. துணி காயவில்லை.

மீன்வளத்துறை சார் போத்தனூரிலிருந்து வந்தார். என் குட்டையில் கட்லா மீன் ஒன்றைப் பிடித்து அறுத்துப் பார்த்தார். வளர்ச்சி இல்லை, முதுகெலும்பு கோணல். தாது உப்புக் குறைவாம். எனக்கு நம்பிக்கை இல்லை. எங்கள் போர்த் தண்ணீர் காய்ச்சிய பாத்திரத்தில் வெள்ளைப் படலம் சுரண்டியே என் நகம் போச்சு. இதற்கு மேல் என்ன உப்பு?

"சுண்ணாம்புச் சத்தைத் தண்ணியில இருந்தே எடுத்துக்குமுங்க. பாஸ்பரஸ் அப்படி இல்லீங்க, தீவனத்துலதான் சேரோணும்."

மாமனார் (இனி மா.) வேலியோரம் நின்று கேட்டார். "எருமைக்குத்தான் தாது உப்பு. மீனுக்குமா? அடுத்தது சோடா கேக்குமா கண்ணு? ஐப்பசி முடியறதுக்குள்ள தேறலீன்னா குட்டைய மண்ணடிச்சு மூடித் தென்னம்பிள்ளை வெச்சுப்போடுவேன்."

மீன் என்ன இட்லி மாவா, விடிவதற்குள் பொங்க? அவரிடம் இப்படிக் கேட்க முடியாது. குட்டை அவர் பூமியில்.

7, புதன்

புண்ணாக்கு, தவிடு, தாது உப்பு, பிசையக் கஞ்சி. உருண்டை பிடித்துத் தட்டில் வைத்து இறக்கினேன். தூளாகப் போட்டால் கரைந்து போகும், மீன் வாய்க்குப் போகாது என்று சார் கண்டிப்பு. இரவு வீட்டுக்காரர், "குழம்புலயும் புண்ணாக்கு வாசமடிக்குது" என்றார். இரண்டு தரம் போட்டுத் தின்றார்.

9, வெள்ளி

ஆர்.எஸ்.புரத்தில் சித்தி மகள் கல்யாணம். பட்டுப்புடவை, கொண்டை ஊசி, மொய்க் கவர். மறக்காமல் வீட்டுக்காரரிடம்: "உருண்டை புடிச்சுத்தானுங்க போடோணும்."

"செரி, செரி. நீ போய்ட்டு வா."

12, திங்கள்

திரும்பினேன். தாது உப்பு மூட்டை காலி.

"என்னங்க ஆச்சு?"

"கரைச்சு ஊத்திப்போட்டேன்."

"முழுசுமா?"

"எருமைக்குக் கழனித்தண்ணியில கலக்கித்தான வெக்கறோம்? ஒரு எருமைக்கே ஒரு கை. குட்டையில எத்தனை உசுரு இருக்குது."

எருமை வீட்டில் வாக்கப்பட்டால் இதுதான் கதி. சமையலறையில் போய் அழுதேன். வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் எனக்கென்று இருப்பது அந்தக் குட்டை ஒன்றுதான். பிறகு ரசம் வைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன். எல்லோரும் அப்படியே ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தார்கள்.

14, புதன்

தூறல். குட்டை முழுக்கக் கொத்துமல்லிச் சட்னி நிறம். எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்ச் சாருக்குப் போன்.

"பாஸ்பரஸ் தண்ணியில கரைஞ்சா பாசிக்குத்தானுங்க விருந்து. ராத்திரி அது காத்த உறிஞ்சிக்கும், விடியக்கால மீனுக்குப் பத்தாது. மோட்டார் போட்டுப் புதுத் தண்ணி விடுங்க. கரண்ட் இல்லீன்னா தண்ணிய அடிச்சுக் கலக்குங்க."

மா. பாசியைப் பார்த்தார். ஐப்பசி முடியும் வரை பொறுக்கப் போவதில்லை. மண் லாரிக்குச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை வருகிறதாம்.

16, வெள்ளி

விடியும்போது கரண்ட் இல்லை. குட்டை முழுக்க மீன் வாய், மேலே வந்து திறந்து திறந்து மூடுகிறது. தென்னை மட்டையோடு இறங்கி அடித்தேன். வீட்டுக்காரரும் லுங்கியோடு இறங்கினார்.

மா. கரையில். "ஏன் அம்மணி, அத்தனையும் வாயத் தொறக்குது?"

"மூச்சு முட்டுதுங்க மாமா."

"செத்துப்போகுமா?"

"போகுமுங்க."

மீன் சட்டி அடுப்பில் இருந்தால் வாடை ஆகாதென்று வாசலிலேயே உட்கார்ந்துகொள்கிற மனுஷன். வேட்டியை மடித்துக் கட்டினார். என் கையிலிருந்த மட்டையைப் பிடுங்கினார். மார்பளவுத் தண்ணீரில் நின்று அடி அடியென்று அடித்தார். "குடிங்க சாமி, காத்தக் குடிங்க" என்று மீனோடு பேச்சு வேறு.

வெயில் ஏறியது. வாய்கள் ஒவ்வொன்றாய் உள்ளே போயின. நாலைந்துதான் செத்து மிதந்தன. அப்போது வேலிப் பக்கம் ஹாரன். லாரிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"மண்ணு எங்கீங்க கொட்டோணும்?"

மா. தலையில் பாசியோடு திரும்பினார்.

"ஆரு வரச் சொன்னது? வண்டியத் திருப்பு. எம் மருமக இங்க மீன் வளக்கறா."